எண்ணாமல் விட்ட நடை



அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். ஓர் அணியின் மட்டையாட்டத்தை எப்படி மதிப்பிடுவது?

பந்தை அடித்து முதல் தளம் சேர்வது ஒரு வழி. வீசுபவர் 4 பந்துகளை எல்லைக்கு வெளியே வீசினால், அடிக்காமல் பொறுத்தவர் அங்கே நடந்தே போகலாம். பழைய அளவான மட்டைச் சராசரியில் இந்த நடை சேராது.

இருவர் தலா 100 முறை ஆட வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு 28 அடி, 2 நடை. சராசரி 98இல் 28, அதாவது 0.286. இரண்டாமவருக்கு 22 அடி, 16 நடை. 84இல் 22, அதாவது 0.262. முதலாமவர் மேல் என்கிறது சராசரி. ஆனால் அவர் ஆட்டமிழந்தது 70 முறை. இரண்டாமவர் 62 முறைதான். ஓர் ஆட்டத்தில் அணிக்கு 27 ஆட்டமிழப்புகளே உண்டு, அவைதான் கைமுதல்.

2002இல் பணவசதி குறைந்த ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் நடையையும் எண்ணி வீரர்களைத் தேர்ந்தது. அப்பருவத்தில் 800 ஓட்டங்கள், 103 வெற்றிகள். பந்துவீச்சுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. நடையைச் சேர்த்த அளவும் முழுமையானதல்ல. நீண்ட அடியின் மதிப்பு அதில் தெரியாது. அதைத் தனியே அளக்க வேண்டும்.

என் வகுப்பில் ஒரு மாணவன் ஜூனில் எழுத்துக்கூட்டவும் திணறினான். மார்ச்சில் ஒரு பத்தியைத் தானே வாசித்தான். பட்டியலில் அவன் வெறும் 31. அந்த எண்ணை நான் மாற்றவில்லை. பக்கத்தில் அவன் வாசித்ததையும் எழுதி வைத்தேன்.