சுரம் எழுதும் விசைகள்



இசை பயின்றவர் இல்லங்களில் பழைய குறிப்பேடு ஒன்று இருக்கும். ஆசிரியர் பாடப் பாட எழுதிக்கொண்ட சரளி வரிசையும் கீதமும் வர்ணமும் அதில் நிறைந்திருக்கும். ஜொகூரில் இசைவகுப்புகளுக்குச் சென்ற எங்களிடமும் அத்தகைய ஏடுகள் உள்ளன. இம்மண்ணின் ஈரமும் கரையானும் அவற்றை நெடுநாள் விட்டுவைப்பதில்லை. அவற்றைக் கணினியில் ஏற்ற முயன்றபோது நாங்கள் கண்டவற்றையே இன்று கூற விழைகிறோம். எந்த விசையை எப்போது அழுத்துவது என்னும் சிறிய செய்திதான். எனினும் ஒரு வர்ணத்தை எழுதி முடிக்க மூன்று மாலைப்பொழுதுகள் வேண்டுமெனில், இரண்டாம் வர்ணத்தை எவரும் தொடங்கமாட்டார்.

சுரங்களை அச்சேற்றும் கவலை முன்னோர்க்கும் இருந்தது. 1890களில் சென்னையில் சின்னசாமி முதலியார் நம் உருப்படிகளை மேலைநாட்டு ஐந்துகோட்டு முறையில் வெளியிட்டார். 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ தெலுங்கு எழுத்துகளால் சுரங்களைக் குறித்து, கமகங்களுக்குத் தனிக்குறிகளையும் அமைத்தது. கணினியின்முன் அமரும் நமக்கும் இவ்விரு வழிகளே உள்ளன.

முதல் வழிக்கு ‘மியூஸ்கோர்’ என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டோம். அதில் ‘என்’ விசையை அழுத்தி எழுதத் தொடங்கவேண்டும். எண்விசையால் கால அளவைத் தேர்ந்து, பின்னர் எழுத்துவிசையால் சுரத்தை இடுவதே அதன் வழக்கமான முறை. அளவு முந்தியது, சுரம் பிந்தியது. நம் கை பழகியதோ இதற்கு நேர்மாறு. ‘க’ எழுதுகிறோம், அது மேலும் ஓர் அட்சரம் நீண்டால் காற்புள்ளி இடுகிறோம், இரண்டு நீண்டால் அரைப்புள்ளி இடுகிறோம். பாடுபவர் காந்தாரத்தைப் பிடித்து நிற்கையில், அது எவ்வளவு நிற்கும் என்பது அது முடிந்தபின்னரே கேட்பவர்க்குத் தெரியும். ஆகவே செவியைப் பின்தொடரும் கை, சுரத்தை முன்னும் கார்வையைப் பின்னும் எழுதுகிறது. ‘ஃபினாலே’ மென்பொருளில் சுரத்தின் இடத்தைக் காட்டிய பின் அளவை எண்ணால் தரும் முறை ஒன்று இருந்தது. அதுவே எங்கள் கைக்கு இசைந்தது. ஆனால் 1988இல் பிறந்த அம்மென்பொருளின் வளர்ச்சி 2024இல் நிறுத்தப்பட்டது.

மியூஸ்கோரைப் பழக்கிக்கொள்ள இரண்டு ஏற்பாடுகள் உதவின. மாயாமாளவகௌளையில் ரிஷபமும் தைவதமும் அரைச்சுரம் தாழ்ந்தவை. ஒவ்வொரு முறையும் கீழம்பு விசையால் அவற்றைத் தாழ்த்துவது பெருந்தொல்லை. அவ்விரண்டையும் தாழ்த்திய சுருதிக்குறி ஒன்றைத் தொடக்கத்திலேயே அமைத்துவிட்டால் அந்த உழைப்பு இல்லை. அடுத்து, ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் ஒரே கட்டமாக வகுத்தோம். கண்ட்ரோல் விசையோடு வல அம்பை அழுத்தினால் அடுத்த கட்டத்திற்குச் செல்லலாம். இவ்வாறு ஆவர்த்தனம் விட்டு ஆவர்த்தனம் தாவ முடிந்தது. சாகித்தியம் எழுதுவது இன்னும் எளிது. இடைவெளி விசை அடுத்த சுரத்திற்கு அழைத்துச் செல்கிறது. ஒரு சொல்லின் அசைகளைச் சிறுகோடு பிரிக்கிறது. தமிழெழுத்தும் தடையின்றி அமர்கிறது. ஆயினும் எங்கள் மாணவருள் ஐந்துகோட்டைப் படிக்கத் தெரிந்தோர் சிலரே.

எனவே இரண்டாம் வழியான தமிழெழுத்திற்கு வந்தோம். அங்கே முதற்பாடத்திலேயே இடறினோம். சரளி வரிசையின் முதல் வரி மேல் ஸ்தாயி ‘ச’வில் முடிகிறது, அதன் தலையில் ஒரு புள்ளி வேண்டும். தமிழில் தலையில் புள்ளி பெற்ற ‘ச’ மெய்யெழுத்தாகிவிடுகிறது! தெலுங்கில் அச்சிட்ட தீட்சிதர்க்கு இத்தொல்லை இல்லை. இசையறிந்தவர் கண் அதை மேல் ஸ்தாயி என்றே கொள்ளும், கணினி கொள்ளாது. ஒருங்குறியில் தனி மேற்புள்ளி உண்டு. அதை ‘ரி’யின்மேல் இட்டால் சில எழுத்துருக்களில் மேல்விலங்கோடு மோதிக்கொள்கிறது. மேலும், ‘ரி’, ‘நி’ ஆகியவை கணினிக்கு ஈரெழுத்துகள். பின்னழி விசையை ஒருமுறை தட்டினால் பெரும்பாலும் மேல்விலங்கு மட்டும் போய் ‘ர’ எஞ்சிநிற்கும். தமிழ்99 விசைமுறையில் ச, க, ம, ப, த ஐந்தும் ஒற்றைத் தட்டில் வரும். நம்மில் பலர் பழகிய அஞ்சல் முறையில் ஒவ்வொன்றுக்கும் உயிரொலியையும் சேர்த்துத் தட்டவேண்டும். நூறு சுரங்கள் எழுதியபின் இவ்வேறுபாட்டை விரல்கள் உணரும்.

சுரத்தின் கீழே சாகித்தியத்தை நேராக நிறுத்த நாங்கள் முதலில் இடைவெளிகளையே நம்பினோம். எழுத்துரு மாறியதும் வரிகள் அனைத்தும் கலைந்தன. இப்போது அட்டவணை அமைத்து, ஓர் அட்சரத்திற்கு ஓர் அறை என வகுத்துள்ளோம். டேப் விசை அடுத்த அட்சரத்திற்குச் செல்லும். கீழம்பு சுரத்திலிருந்து சாகித்தியத்திற்கு இறங்கும். தாளமே வழிகாட்டியாகிவிடுகிறது.

ஒருங்குறிக்கு முன், தனிக் குறியீட்டு எழுத்துரு ஒன்றில் நாங்கள் தட்டச்சிட்ட கோப்புகள் இன்று பொருளற்ற உரோமன் எழுத்துகளாகத் திறக்கின்றன. கரையான் அரித்த ஏட்டிலாவது பாதியைப் படிக்க முடிகிறது. அந்தப் பட்டறிவினால் புதிய கோப்புகளில் சிறப்பு எழுத்துரு எதனையும் பயன்படுத்துவதில்லை. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் பின் ஒற்றை மேற்கோட்குறியும், கீழ் ஸ்தாயிக்கு முற்றுப்புள்ளியும் இடுகிறோம். அச்சு நூல்களின் மரபு இதுவன்று என்பதை அறிவோம். ஆதலால் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் இரண்டு வரிக் குறிவிளக்கம் எழுதிவைக்கிறோம்.