இமயத்துக்கு வெளிக்கிடுவோருக்குச் சில வார்த்தைகள்

(வெஸ்ட்மீட்டில் நடந்த மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொஞ்சக் காலமாக எங்கட ஆக்களுக்கு நேபாளம் போகும் ஆசை கூடியிருக்கிறது. பசுபதிநாதரைக் கும்பிட வேண்டும், முக்திநாத் போக வேண்டும், இமயத்தை ஒருக்காலாவது கண்ணாலே காண வேண்டும் என்று கோயிலில் சந்திக்கும்போதெல்லாம் சொல்லுகிறார்கள். நான் 2023 ஐப்பசியில் மனைவியோடும் மாமியோடும் போய் வந்தவன். அதனால்தான் செயலாளர் என்னைப் பிடித்து இங்கே நிறுத்தியிருக்கிறார்.

எங்கட வாழ்க்கையில் நாங்கள் செய்த பயணங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது யார் திட்டம் போட்டார்கள்? கிளாலியில் வள்ளம் ஏறியபோது யார் நாள் பார்த்தார்கள்? கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இது அப்படிப்பட்ட பயணம் அல்ல. ஆறுதலாக யோசித்து, நாங்களே விரும்பிப் போகிற பயணம். ஆகவே பத்திரங்களிலும் அவசரம் வேண்டாம், மலையிலும் அவசரம் வேண்டாம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி விபரமாகச் சொல்லுறன்.

முதலில் பத்திரங்கள். அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பிரச்சினை குறைவு. காத்மண்டு விமான நிலையத்தில் இறங்கியே விசா எடுக்கலாம். 15 நாளுக்கு 30 அமெரிக்க டொலர், 30 நாளுக்கு 50 டொலர். ஆனால் குடியுரிமை இன்னும் கிடைக்காமல், அகதிகளுக்கான பயண ஆவணத்தில் போகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் கன்பராவில் உள்ள நேபாளத் தூதரகத்தில் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். இடையில் விமானம் மாறுகிற நாடும் அந்த ஆவணத்தை ஏற்குமா என்று கேட்டு அறிய வேண்டும்.

போவதை விடத் திரும்பி வருவதுதான் முக்கியம். 866 என்ற நிரந்தரப் பாதுகாப்பு விசாவில் வெளியே போய்த் திரும்பும் உரிமை முதல் 5 வருடங்களுக்குத்தான். அது முடிந்திருந்தால், திரும்பி வருவதற்கான விசாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும். பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனம். 'பி' வகை இருந்தால்தான் திரும்பி வரலாம். 'ஈ' வகையில் இருப்பவர் நாட்டை விட்டு வெளியேறினால் அந்த விசா அத்தோடு முடிந்துவிடும்.

ரிக்கற் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பு வழியாகப் போனால் மலிவு என்று யாராவது சொல்லுவார்கள். எந்த நாட்டுக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டோமோ, அந்த நாட்டுக்குள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் போகக்கூடாது என்பது பல பாதுகாப்பு விசாக்களின் நிபந்தனை. விமானம் தாமதமாகி அங்கே ஒரு இரவு தங்க நேர்ந்தால் யார் பதில் சொல்லுவது? பாங்கொக், கோலாலம்பூர் வழியாகவும் காத்மண்டு போகலாம். சந்தேகம் இருந்தால் ரிக்கற்றுக்குக் காசு கட்ட முன்னம் குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியிடம் கேளுங்கள். கூட்டாளி சொன்னார் என்று வெளிக்கிட வேண்டாம்.

இனி மலை. நாங்கள் மலை என்று அறிந்தது சிவனொளிபாதமலையை. அது 2,243 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதாலகாலை 2,524 மீற்றர். இந்த அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் உயர்ந்த சிகரமான கொஸ்கியுஸ்கோ 2,228 மீற்றர்தான், சிவனொளிபாதத்தை விடவும் கட்டை. முக்திநாத் கோயிலோ ஏறத்தாழ 3,700 மீற்றரில் இருக்கிறது. அதாவது, எங்கட ஆக்களில் அனேகம் பேர் வாழ்நாளில் கால் வைக்காத உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான்.

உடம்பு இதற்குப் பழகும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். பொக்காரா நகரம் சுமார் 800 மீற்றர். அங்கிருந்து சின்ன விமானத்தில் ஏறினால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் 2,700 மீற்றரில் உள்ள ஜொம்சொம்மில் இறக்கிவிடுவார்கள். அன்றைக்கே ஜீப்பில் முக்திநாத் போய் அங்கேயே படுப்பது என்று சில பயண முகவர்கள் போடுகிற திட்டம் வயதானவர்களுக்குக் கூடாது. ஜொம்சொம்மிலோ, பக்கத்து மார்பா கிராமத்திலோ இரண்டு இரவு தங்குங்கள். பிறகு காலையில் ஜீப்பில் போய்க் கும்பிட்டுவிட்டு, பின்னேரம் கீழே வந்து படுங்கள். இன்னும் மேலே போகிறவர்களுக்கு டொக்டர்மார் சொல்லுகிற கணக்கு ஒன்று உண்டு. 3,000 மீற்றருக்கு மேலே, நித்திரை கொள்ளும் இடம் ஒரு இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் உயரக்கூடாது.

தலையிடி, சாப்பாட்டில் மனமில்லாமை, சத்தி, நித்திரையின்மை, இவை உயரத்தால் வருகிற வருத்தத்தின் ஆரம்பம். இவை இருந்தால் மேலே ஏறக்கூடாது. கூடிக்கொண்டு போனால் உடனே கீழே இறங்க வேண்டும். நடை தள்ளாடுதல், பேச்சுத் தடுமாறுதல், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதல், இவை உயிர் ஆபத்தின் அடையாளம். இரவென்றாலும் பார்க்காமல் இறக்க வேண்டும். நேர்கோட்டில் குதிக்கால் முன் விரலைத் தொட நடக்கச் சொல்லிப் பாருங்கள். நடக்க முடியாவிட்டால் அடுத்த நாள்வரை காத்திருக்காதீர்கள்.

இதில் பெரிய கஷ்டம் எது தெரியுமோ? எங்கட அம்மாமார் சொல்ல மாட்டினம். "பிள்ளையள் இவ்வளவு காசு செலவழிச்சுக் கூட்டி வந்திருக்குதுகள், என்னாலே குழம்பக்கூடாது" என்று தலையிடியை மறைப்பார்கள். ஜொம்சொம்மில் என் மாமி காலைத் தேத்தண்ணியைத் தொடாமல் வைத்ததைக் கண்டுதான் என் மனைவி விசாரித்தா. "ஒன்றுமில்லைப் பிள்ளை" என்றா. இரண்டாம் முறை கேட்டபோதுதான் இரவு முழுக்கத் தலையிடி என்று வெளியே வந்தது. எங்கட திட்டத்தில் ஒரு நாள் மிச்சம் இருந்தபடியால் அன்றைக்குப் போகாமல் அங்கேயே தங்கினோம். மற்ற நாள் சுகமாகி, மாமி தன்ரை காலாலேயே நடந்து சந்நிதிக்குப் போனா. ஆகவே கட்டாயம் ஒரு நாளை மிச்சம் வையுங்கோ. மிச்ச நாள் இல்லாவிட்டால் யாரும் வருத்தத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

மருந்து பற்றி. புறப்பட 6 முதல் 8 கிழமைக்கு முன்னமே உங்கட டொக்டரைக் காணுங்கள். டயமொக்ஸ் என்ற குளிசை உடம்பு உயரத்துக்குப் பழக உதவும். ஆனால் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் சல்பா ஒவ்வாதவர்களும் கேளாமல் எடுக்கக்கூடாது. நீரிழிவுக்காரர் இன்சுலினைக் குளிரில் உறையவிடக் கூடாது, உடம்போடு அணைத்து வைத்திருக்க வேண்டும். மருந்தெல்லாம் கைப்பைக்குள் இருக்கட்டும், டொக்டரின் கடிதமும் கூட இருக்கட்டும். முக்திநாத்தில் 108 நீர்த்தாரைகளின் கீழும் குளிப்பது வழக்கம். அது பனி உருகி வருகிற தண்ணி. இருதய வருத்தம் உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும்.

மெடிகெயார் நேபாளத்தில் செல்லாது. பயணக் காப்புறுதி எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை மீற்றர் உயரம் வரைக்கும்? ஹெலிகொப்டரில் இறக்கினால் காசு தருவீர்களா? உள்ள வருத்தங்களை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். மறைத்தால் கடைசியில் கையை விரித்துவிடுவார்கள்.

காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை நல்லது. பங்குனி, சித்திரையும் பரவாயில்லை. ஆனி தொடக்கம் புரட்டாதி நடுப்பகுதி வரை மழை, மண்சரிவு. ஜொம்சொம் விமானங்கள் காலையில்தான் பறக்கும், பிறகு காற்று எழும்பிவிடும். 2022 மே 29 இல் அந்தப் பாதையில் சென்ற விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 22 பேரும் இறந்தார்கள். பொக்காராவிலிருந்து ஜீப் பாதையும் உண்டு. குலுக்கல்தான், ஆனால் மெல்ல ஏறுவதால் உடம்புக்கும் நல்லது. வானிலையால் விமானம் நின்றால் தவிக்காமல் இருக்க, சிட்னி விமானத்துக்கு முன் காத்மண்டுவில் இரண்டு நாள் கையில் வையுங்கள்.

மலைநடை போக ஆசைப்படும் இளம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். 2023 ஏப்ரலில் இருந்து நேபாளத்தில் மலைநடைக்கு வழிகாட்டி வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. 5,416 மீற்றர் உயரமுள்ள தொரோங் கணவாய்ப் பகுதியில் 2014 ஒக்டோபரில் அடித்த பனிப்புயலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வழிகாட்டி "இன்றைக்கு வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்.

போக முன்னம் மூன்று மாதம் நடந்து பழகுங்கள். பரமற்றா பூங்கா எங்கட வாசலில் இருக்கிறது. பிறகு ஒரு சனிக்கிழமை வெஸ்ட்மீட்டில் ரயில் ஏறி, 1,000 மீற்றர் உயரமுள்ள கட்டூம்பாவுக்குப் போய்ப் படி ஏறி இறங்குங்கள். முழங்கால் என்ன சொல்லுது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். 8,091 மீற்றர் அன்னபூர்ணாவுக்கும் 8,167 மீற்றர் தவளகிரிக்கும் நடுவே காளி கண்டகி ஆறு ஓடுகிறது. சாளக்கிராமக் கல் கிடைப்பது அந்த ஆற்றில்தான். திருமங்கையாழ்வார் பாடிய தலம் அது. அதே கோயிலைப் புத்த பிக்குணிகள் பராமரிக்கிறார்கள், இந்துக்களும் பௌத்தர்களும் ஒரே வாசலால் போய்க் கும்பிடுகிறார்கள். எங்கட நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அது சும்மா பார்த்துவிட்டு வருகிற காட்சி அல்ல. நான் அந்த முற்றத்தில் கனநேரம் நின்றேன்.

நேபாளத்தவருக்கும் புதுவருடம் சித்திரை நடுப்பகுதியில், எங்களோடுதான் பிறக்கிறது. இந்தப் புத்தாண்டில் போக நினைக்கிறவர்கள் பத்திரங்களைப் பார்த்து, டொக்டரைக் கண்டு, மிச்ச நாள் வைத்துப் புறப்படுங்கள். எல்லோரும் சுகமாகப் போய், சுகமாகத் திரும்பி வர வேண்டும். அனைவருக்கும் என் புத்தாண்டு வாழ்த்துகள்.