கொதிக்கக் கூடாத மது

நுவரெலியாக் குளிரைப் பழகிய நேயர்களுக்கும் ஜேர்மனியின் டிசம்பர் மாதம் கடியதாகவே தோன்றும். மாலை ஐந்து மணிக்கு முன்பே இருள் கவிந்துவிடும். ஆயினும் நூரெம்பேர்க் நகரின் நத்தார்ச் சந்தையிலே மக்கள் வெட்டவெளியில் நின்று உரையாடி மகிழ்வர். அவர்தம் கையில் ஆவி பறக்கும் கோப்பையொன்று இருக்கும். அதில் உள்ளது 'குளூவைன்' எனப்படும் சூடான திராட்சை மது.

ஆக்கும் முறை எளிது. ஒரு போத்தல் சிவப்புத் திராட்சை மதுவிலே கறுவாத் துண்டு, நாலைந்து கராம்பு, அரிந்த தோடம்பழம், சிறிது சீனி ஆகியவற்றை இட்டு மெல்லிய நெருப்பில் வைப்பர். சுவீடன் நாட்டார் ஏலமும் சேர்ப்பர். கோப்பையில் உலர்ந்த திராட்சையும் வாதுமைப் பருப்பும் இட்டு, அதன்மேல் மதுவை வார்ப்பர்.

திறமையெல்லாம் அடுப்பை அடக்குவதிலேயே உள்ளது. நீர் 100 பாகை செல்சியசிலே கொதிக்க, மதுசாரமோ 78 பாகையிலேயே கொதித்துவிடும். கலவை கொதித்தால் மதுசாரமும் நறுமணமும் அகன்று கசப்பு மேலோங்கும். ஆகவே, ஆவி எழத் தொடங்கியதும் இறக்கி, மூடிவைத்து, வடித்துப் பரிமாறுவர்.

எனினும் அந்தச் சூட்டை முற்றாக நம்புதல் தவறு. மது தோலின் குருதிக் குழாய்களை விரிப்பதால் முகம் சிவக்கும். உடல் வெப்பமுற்றது போலத் தோன்றும். உண்மையில் உள்ளிருக்கும் வெப்பமே வெளியேறுகின்றது. இதை நம்பிப் பனியில் நெடுந்தூரம் நடப்போருக்கு உயிராபத்தும் நேரலாம்.

சிறுவர்க்கும் வண்டி ஓட்டுவோர்க்கும் பழச்சாற்றில் அதே சரக்குகளை இட்டுக் காய்ச்சிய பானம் உண்டு. கோப்பை எதுவாயினும் அதில் முந்தி மணப்பது கறுவாவே. அதிலும் மென்மணத்தால் உயர்ந்ததென மதிக்கப்படுவது இலங்கைக் கறுவா.