விதிப் புத்தகம் யார் கையில்?

(காரைக்குடியில் இளைஞர்களின் வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரு நாடாளுமன்ற அதிகாரியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது, "கோப்பு பார்த்த அதிகாரிக்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன தோழர் சம்பந்தம்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைத்தான் இந்த அரை மணி நேரத்தில் சொல்லப் போகிறேன்.

அந்த அதிகாரியின் பெயர் மகேஷ்வர் நாத் கௌல். காஷ்மீரப் பண்டிதர். நாடு விடுதலை அடைந்தபோது அரசியல் நிர்ணய சபையின் சட்டமியற்றும் பிரிவுக்குச் செயலாளர். பிறகு தற்காலிக நாடாளுமன்றத்தின் செயலாளர். 1952 இல் முதல் மக்களவை கூடியபோது அதன் முதல் செயலாளர். 1964 வரை அந்த நாற்காலியில் இருந்தார். ஓய்வுபெற்ற இரண்டு ஆண்டில், 1966 இல், குடியரசுத் தலைவரின் நியமன உறுப்பினராக மாநிலங்களவைக்குள் நுழைந்தார். மறுபடியும் நியமனம் பெற்று 1976 வரை இருந்தார்.

மக்களவையைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சபாநாயகர் இருக்கைக்குக் கீழே ஒரு நீண்ட மேசை, அங்கே சிலர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நாம் கத்துகிறவர்களைப் பார்ப்போம், மேசையில் இருப்பவர்களைப் பார்க்க மாட்டோம். ஆனால் எந்தக் கேள்வியை அனுமதிக்கலாம், எந்தத் தீர்மானம் விதிக்கு உட்பட்டது, முன்பு இப்படி நடந்தபோது என்ன முடிவெடுத்தார்கள் என்று சபாநாயகருக்கு எடுத்துச் சொல்வது அந்த மேசைதான். கௌல் தனக்கு அடுத்து செயலாளரான எஸ்.எல். ஷக்தருடன் சேர்ந்து நாடாளுமன்ற நடைமுறை பற்றி ஒரு பெரிய நூலை எழுதினார். 1968 இல் வெளிவந்தது. இன்றும் அவையில் சிக்கல் வந்தால் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். ஷக்தர் பின்னாளில் தலைமைத் தேர்தல் ஆணையர் ஆனார்.

இது நம் நாட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை. இங்கிலாந்தில் எர்ஸ்கின் மே என்பவர் 1844 இல் இதே போன்ற நூலை எழுதினார். காமன்ஸ் சபையின் தலைமை எழுத்தராக இருந்து 1886 இல் ஓய்வுபெற்றதும் அவருக்குப் பிரபு பட்டம் தந்தார்கள். சில நாட்களில் இறந்துபோனதால் பிரபுக்கள் சபையில் பேச வாய்க்கவில்லை. நம் காலத்தில் ராபர்ட் ரோஜர்ஸ் அதே பதவியில் இருந்து 2014 இல் ஓய்வுபெற்று, லிஸ்வேன் பிரபுவாக அதே நாடாளுமன்றத்தின் மேலவையில் உட்கார்ந்திருக்கிறார். விதியைக் காத்தவருக்கு ஓட்டுக் கேட்காமலே அவைக்குள் ஓர் இடம். இது உலகம் அறிந்த பாதை.

கௌல் திறமையற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவரும் அவருடைய தலைமுறையும் கட்டியதில் நமக்குப் பயன்படுவது நிறைய இருக்கிறது. அவர் செயலாளராக இருந்த 1953 இல்தான் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு உருவானது. அமைச்சர் அவையில் எழுந்து "பரிசீலிக்கிறோம், செய்து தருகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனால், சொன்னதைச் செய்தாரா என்று பின்தொடர்ந்து கேட்கும் குழு அது. செயலகம் அரசாங்கத்தின் கைக்கு அடங்காமல் தனியாக இருக்க வேண்டும் என்பதும் பழைய சண்டை. விட்டல்பாய் படேல் மத்திய சட்டசபைத் தலைவராக இருந்தபோது போராடி 1929 இல் தனித் துறை வாங்கினார். அதுதான் அரசியல் சட்டத்தின் 98 ஆவது பிரிவாக நிற்கிறது. மாநிலச் சட்டமன்றங்களுக்கு 187 ஆவது பிரிவு.

நம் கேள்வி வேறு. இந்த மேசையிலிருந்து அவைக்குப் போகிற பாதையில் யார் நடக்க முடியும்?

மக்களவையில் பட்டியல் சாதிகளுக்கும் பழங்குடிகளுக்கும் தனித்தொகுதி உண்டு. அது 330 ஆவது பிரிவு. சட்டமன்றங்களுக்கு 332 ஆவது பிரிவு. நம் சிவகங்கை மாவட்டத்தில் நான்கு சட்டமன்றத் தொகுதிகள், அவற்றில் மானாமதுரை தனித்தொகுதி. ஆனால் மாநிலங்களவையில் இடஒதுக்கீடு கிடையாது. இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்று சொல்லி நியமிக்கப்படும் 12 பேருக்கும் கிடையாது. நமக்குக் கொடுத்த வாசல் ஓட்டு வாசல். கூட்டத்தில் நின்று, கட்சியிடம் கெஞ்சி, பொதுச் சாதிகளின் ஓட்டையும் வாங்கித்தான் தனித்தொகுதியில்கூட ஜெயிக்க முடியும். நிபுணர் என்று அழைத்து உட்கார வைக்கும் பின்வாசல் எப்போதும் படித்த மேல்தட்டுக்கே திறந்து கிடந்தது.

நம் முன்னோரும் நியமன உறுப்பினராகத்தான் அவைக்குள் போனார்கள். எம்.சி. ராஜாவும் ரெட்டைமலை சீனிவாசனும் சென்னைச் சட்டசபைக்கு நியமனத்தில் போனவர்கள். நம் மக்களுக்கு ஓட்டே இல்லாத காலம் அது. சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு. போன இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். 1922 இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தால் அரசு ஏடுகளில் பறையர், பஞ்சமர் என்ற சொற்கள் போய் ஆதிதிராவிடர் என்ற பெயர் வந்தது. 1924 இல் ரெட்டைமலையார் பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1938 இல் எம்.சி. ராஜா தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சமூக இழிவுகளை நீக்கும் சட்டமானது. அவர் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவை ராஜாஜி அரசு ஆதரிக்கவில்லை, அது நிறைவேறவில்லை. எதைத் தீர்மானமாகக் கொண்டுவருவது, எதை மசோதாவாகக் கொண்டுவருவது என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விதி தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இன்னொரு சான்று. 1952 தேர்தலில் நிற்காமலே மேலவைக்கு நியமனம் பெற்று முதலமைச்சரானார் ராஜாஜி. அடுத்த ஆண்டு குலக்கல்வித் திட்டம் வந்தது. பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில். 1953 ஜூலையில் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 138, எதிர்ப்பு 138. நிறைவேறவில்லை. எதிர்க்கட்சியினர் அத்தோடு எழுந்து போகவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற இன்னொரு தீர்மானம் வாக்குக்கு வந்தது. அது ஜெயித்தது. 'கைவிடு' என்பதற்குக் கிடைக்காத பெரும்பான்மை 'நிறுத்திவை' என்பதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் குப்பையில் போட்டார். தெருவில் பெரியார் நடத்திய போராட்டம் இல்லாமல் இது நடந்திருக்காது. தெருவின் கோபத்தை அவைக்குள் ஒரு வாக்காக மாற்றத் தெரிந்தவர்களும் வேண்டியிருந்தது.

அன்று சபாநாயகர் இருக்கையில் இருந்தவர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து சென்னை மேயரான முதல் மனிதர். 1946 முதல் 1955 வரை சபாநாயகர். பிறகு மத்திய பணியாளர் தேர்வாணைய உறுப்பினர். 1962 முதல் 1968 வரை மாநிலங்களவை உறுப்பினர். அதாவது கௌல் உள்ளே வந்தபோது இவரும் அதே அவையில் இருந்தார். நடைமுறையை வாழ்நாள் முழுக்கக் கையாண்ட இரண்டு பேர். ஒருவர் பெயர் டெல்லியில் புத்தகமாக நிற்கிறது. இன்னொருவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

விதி நம்மைத் தடுக்கவும் பயன்படும். 1951 அக்டோபர். இந்து சட்ட மசோதாவைக் கிடப்பில் போட்டதும் பாபாசாகேப் சட்ட அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஏன் விலகினேன் என்று அவையில் சொல்ல எழுந்தார். இருக்கையில் இருந்த துணைச் சபாநாயகர் அனந்தசயனம் ஐயங்கார், உரையின் படியை முதலில் கொடுங்கள், மாலையில் பேசலாம் என்றார். பாபாசாகேப் அதை ஏற்கவில்லை. வெளியேறி, அறிக்கையைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார். அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவருக்கே அந்த அவையில் அந்த நிலை. அப்போது செயலகத்தின் தலைவர் கௌல். துணைச் சபாநாயகரின் முடிவுக்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இன்றைய மக்களவை விதி 199 ஐப் படித்துப் பாருங்கள். விலகும் அமைச்சர் தன் அறிக்கையை ஒரு நாள் முன்பே சபாநாயகருக்கும் அவை முன்னவருக்கும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஐயங்கார் வாயால் கேட்டது இன்று அச்சில் இருக்கிறது. விதிப் புத்தகம் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் வாய், யாரோ ஒருவர் கை, யாரோ ஒருவர் நலன் அதில் படிந்திருக்கிறது.

சரி, டெல்லியை விட்டு நம் மண்ணுக்கு வருவோம்.

இந்தக் காரைக்குடியும் தேவகோட்டையும் அன்று இராமநாதபுரம் மாவட்டம். செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஆயிரம் ஜன்னல் வீடும் ஆத்தங்குடிக் கல்லும் கோழிக் குழம்பும்தான் நினைவுக்கு வரும். நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வர வேண்டும். 1930 டிசம்பரில் இம்மாவட்டத்து ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை போடாதே, சட்டை போடாதே, செருப்பு போடாதே, குடை பிடிக்காதே, முடி வெட்டாதே, மண்பானை தவிர வேறு பாத்திரம் வைக்காதே, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடாதே, பூ வைக்காதே. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் பதினொரு தடைகளாக மறுபடி எழுதினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஹட்டன் தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பதினொன்றில் ஒன்று, ஆதிதிராவிடப் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது. மாடு மேய்க்க மட்டும்தான் அனுப்ப வேண்டும்.

கவனியுங்கள் தோழர்களே, அவர்களும் விதி எழுதினார்கள். எண் போட்டு எழுதினார்கள். விதிக்கு இருக்கும் பலம் சாதிக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் விதியைப் படிக்கக் கூடியவர்கள் நம்மிடையே உருவாகிவிடக் கூடாது என்று ஒரு விதியையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த நினைப்பு ஒழிந்துவிட்டதா? தேவகோட்டைக்குப் பக்கத்துக் கண்டதேவியில் தேர்வடத்தைத் தொட உரிமை கேட்டு எத்தனை ஆண்டு நீதிமன்றப் படியேறினோம்! 17 ஆண்டு ஓடாமல் கிடந்த தேர் 2024 ஜூனில்தான் ஓடியது. பக்கத்து மேலூர் வட்டத்தில் மேலவளவு. தனி ஊராட்சியாக்கப்பட்ட ஊரில் தலைவராகப் போட்டியிட்டு ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். உடன் ஐந்து பேர்.

கொல்லாத ஊரில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த ஓர் ஊராட்சியில் தலைவர் நம் அக்கா ஒருவர். தனி ஊராட்சி, பெண்களுக்கு ஒதுக்கியது. தலைவர் நாற்காலி அவருக்கு உண்டு. தீர்மானப் புத்தகம் மட்டும் அவர் கைக்கு வராது. கேட்டால் "ஆபீஸுக்குக் கொடுத்து விட்டிருக்கேன்" என்பார் கிளர்க். ஊராட்சிக் கணக்கில் காசோலைக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர், போட மாட்டார். சுடுகாட்டுப் பாதைக்கான தீர்மானம் ஆறு மாதம் தூங்கியது. கடைசியில் அக்கா என்ன செய்தார்? தகவல் உரிமைச் சட்டத்தில் தன் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்துக்கே படி கேட்டு மனுப் போட்டார். அதன் பிறகுதான் புத்தகம் மேசைக்கு வந்தது. ஒரு தலைவர் தன் புத்தகத்துக்குத் தானே மனுப் போட வேண்டியிருக்கிறது என்றால், அந்த ஊரில் அதிகாரம் நாற்காலியில் இருந்ததா, மேசையில் இருந்ததா?

அந்தத் தம்பிக்கு இதுதான் என் பதில். சாதி நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டு மேசையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். டெல்லியில் பட்டும் படாமலும் நடப்பது இங்கே பச்சையாக நடக்கிறது.

செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. உங்களில் நான்கைந்து பேராவது அதை முழுதாகப் படியுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறுக்கும் போங்கள். தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், பதிந்ததைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள். சட்டமன்றத்தில் மனுக்கள் குழு இருக்கிறது, யாரும் மனு அனுப்பலாம். அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. நம் பகுதிக்கு அமைச்சர் அவையில் சொன்ன வாக்குறுதிகளைத் தேதியோடு பட்டியல் போட்டு, நம் தொகுதி உறுப்பினர் முன் வையுங்கள்.

இன்னொன்று. போட்டித் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். ஆட்சியர் கனவு இருக்கட்டும். சட்டமன்றச் செயலகமும் நாடாளுமன்றச் செயலகமும் நமக்குரிய இடம்தான். அந்த நீண்ட மேசையில் நம் பிள்ளைகள் உட்கார வேண்டும். உட்கார்ந்தவர்கள் கௌல் எழுதியது போல ஒரு புத்தகம் எழுத வேண்டும். அதைத் தமிழில் எழுத வேண்டும், ஊராட்சித் தலைவியான ஒரு அக்கா தானே புரட்டிப் படிக்கிற தமிழில்.

படிக்கக் கூடாது என்று விதி எழுதப்பட்ட மண் இது. அடுத்த விதியை நாம் எழுதுவோம். ஜெய்பீம்.