பல கைகள் சேர்ந்து செய்யும் தர்க்கம்

கணிப்பொறி என்றதும் கணக்குப் போடும் யந்திரம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 'இது உண்மையானால் அதுவும் உண்மை' என்று தர்க்கம் செய்து விடை காணவும் அதைப் பழக்கலாம். அதற்கென்றே 1972-இல், பிரான்சு நாட்டு மார்செய் நகரில், ஆலன் கோல்மரோவரும் அவருடைய குழுவினரும் 'புரோலாக்' என்ற கணிப்பொறி மொழியை அமைத்தார்கள்.

முத்து கந்தனின் தந்தை, கந்தன் வள்ளியின் தந்தை. தந்தைக்குத் தந்தை தாத்தா. இவ்வளவையும் எழுதிக் கொடுத்து, வள்ளியின் தாத்தா யார் என்று கேட்டால், முத்து என்று பொறியே கண்டு சொல்லும். செய்திகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போதுதான் தொல்லை. ஒரு வழியில் போய், முட்டிக்கொண்டு, திரும்பி வந்து, அடுத்த வழியில் போகவேண்டும்.

தோட்டத்தில் மாடு காணாமற்போனால் நாம் என்ன செய்கிறோம்? ஒருவர் ஆற்றோரம், ஒருவர் சாலைப் பக்கம், ஒருவர் பால்மரக் காட்டுப் பக்கம் என்று பிரிந்து தேடுகிறோம். பொறிகளையும் அப்படி ஏவலாம். இது எளிது. கல்யாணத்துக்கு நாள் குறிப்பது அப்படியல்ல. இரு வீட்டாரும் தனித்தனியே உட்கார்ந்து குறித்தால் ஒருவர் தை என்பார், மற்றவர் ஆவணி என்பார். ஒரே விடையை இரண்டு பொறிகள் தேடும்போது, யார் முதலில் சொல்வது, யார் காத்திருப்பது என்று ஏற்பாடு வேண்டும்.

1982-இல் ஜப்பானிய அரசு தோக்கியோவில் 'ஐகாட்' என்ற ஆய்வு நிலையத்தை அமைத்து, ஐந்தாம் தலைமுறைக் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கியது. மேல்நாடுகள் கொஞ்சம் கலங்கித்தான் போயின. அங்கே பணியாற்றிய கசுனோரி உவேதா 1985-இல் ஒரு முறையை வகுத்தார். ஒவ்வொரு விதிக்கும் முன்னால் ஒரு காவல். வேண்டிய செய்தி வரும்வரை வேலை காத்திருக்கும்; பால் வாளி வந்து நிறுக்கும்வரை கிராணி பேரேட்டில் எழுதாமல் இருக்கிறார் அல்லவா, அதைப் போல. செய்தி வந்ததும், காவலைக் கடந்த விதிகளில் ஒன்றை ஏற்கும். ஏற்றபின் மற்றவற்றைக் கைவிடும். திரும்பிப் பார்க்காது.

இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். முட்டினால் திரும்பி வந்து வேறு வழி தேடுவதல்லவா புரோலாக்கின் சிறப்பு? பல பொறிகளை ஒழுங்காக ஓட்டுவதற்காக அதையே விட்டுக்கொடுத்தார்கள். எல்லா வழிகளையும் தேடவேண்டுமானால், நிரல் எழுதுபவரே அதற்கு வகை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. விலை சற்று அதிகம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

512 செயலிகள் கொண்ட பொறியையும் செய்து காட்டினார்கள். 512 பேர் வேலை செய்தால் 512 மடங்கு வேகம் வருமா? வராது. ஒருவரிடம் வேலை குவியும், இன்னொருவர் கை சும்மா இருக்கும். செய்தி அனுப்புவதிலும் நேரம் போகும். இதற்கிடையே கடையில் விற்ற சாதாரணப் பொறிகளே ஆண்டுக்கு ஆண்டு வேகம் கூடிவந்தன. தனியாகச் செய்த பொறியைத் தேடி வாங்குவார் இல்லை. 1992-இல் நிரல்களை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 1995-இல் நிலையம் மூடப்பட்டது.

இன்று நம் பிள்ளைகள் வைத்திருக்கும் கைத்தொலைபேசியிலேயே பல செயலிகள் உண்டு. அவற்றுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவருக்கு, அந்தக் கல்யாண நாள் சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை.