சேர்ந்து நிரல் எழுத எந்தக் கருவி?

சங்கத்தின் பராமரிப்புக் கணக்குக்கு ஒரு செயலி வேண்டும் என்றதும் நம் குடியிருப்புப் பிள்ளைகள் ஆறு பேர் தாங்களே எழுதித் தருவதாக முன்வந்தார்கள். வீட்டுக்கு வீடு உட்கார்ந்து சேர்ந்து எழுத எந்தக் கருவி நல்லது என்பதுதான் கேள்வி.

முதலில், எழுதுவது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விஎஸ் கோடின் லைவ் ஷேரில் அது அழைப்பவரின் மடிக்கணினியிலேயே இருக்கும். மற்றவர்கள் லிங்க் வழியாக வந்து அதே கோப்பில் தட்டச்சு செய்யலாம். அழைத்தவர் மூடிவிட்டுச் சாப்பிடப் போனால் கூட்டம் கலைந்தது! இருவர் சேர்ந்து ஒரு பிழையைத் தேட இதைவிட எளிது இல்லை. மாதக்கணக்கான வேலைக்கு இது மட்டும் போதாது.

ரெப்லிட்டில் எல்லாம் அவர்கள் சர்வரில். பழைய கணினியும் போதும், பலர் ஒரே நேரத்தில் எழுதலாம். எத்தனை பேர் என்பது கட்டணத்தைப் பொறுத்தது. கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் ஆளுக்கொரு கணினி தருகிறது. இலவசக் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணி, அதாவது இரண்டு கோர் இயந்திரத்தில் 60 மணி நேரம். உலாவியை மூடினால் உடனே நிற்காது. வழக்கமாக 30 நிமிடம் சும்மா ஓடிவிட்டுத்தான் நிற்கும். தண்ணீர் மோட்டாரை அணைப்பது போல நிறுத்திவிட்டு எழுந்திருங்கள், பிள்ளைகளே.

சேவையே நின்றுபோவதும் உண்டு. அமேசானின் கிளவுட்9, 2024 ஜூலையிலிருந்து புது வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதில்லை. கிளிட்ச் 2025 ஜூலை 8-ஆம் தேதியோடு செயலிகளை இயக்குவதை நிறுத்திக்கொண்டது. எனவே எதில் எழுதினாலும் ஒரு பிரதி கிட் களஞ்சியத்தில் இருக்கட்டும். அதுவும் சங்கத்தின் மின்னஞ்சலில் திறந்த கணக்கில். பிள்ளை வெளியூர்க் கல்லூரிக்குப் போனால் பாஸ்வேர்டும் கூடவே போய்விடக் கூடாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று. சோதித்துப் பார்க்கும்போது நம் உண்மையான கைபேசி எண், பாக்கித் தொகை எதையும் போடக் கூடாது. கற்பனைப் பெயர்களே போதும். இலவசக் கணக்கில் எழுதுவதை யாரும் பார்க்கும்படி வைக்கும் சேவைகள் இருக்கின்றன. பாக்கிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே இங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

என் பரிந்துரை: கிட்ஹப்பில் தனிப்பட்ட களஞ்சியம், அவரவர் கணினியில் விஎஸ் கோட், சிக்கல் வந்தால் லைவ் ஷேர். கணினி வலுவில்லாதவருக்கு மட்டும் கோட்ஸ்பேசஸ். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் இப்போதே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வேலையைத் தொடங்குகிறார்கள்.