அமபாலா தீவின் கதை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அமபாலா என்னும் ஒரு சின்னஞ்சிறு துறைமுகத்தைப் பற்றியதாகும். இந்தப் பெயரை உங்களில் அனேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அது உங்கள் குற்றமல்ல. பெரிய ராஜ்யங்களின் சரித்திரத்தைத்தான் நமக்கு நெட்டுருப் போட வைத்தார்களேயொழிய, அந்த ராஜ்யங்களின் காலடியில் கிடந்த சிற்றூர்களின் சரித்திரத்தை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்க்கிற ஒடுக்கமான நிலத்துக்கு மத்திய அமெரிக்கா என்று பெயர். அதன் மேற்குப் பக்கத்தில், பசிபிக் சமுத்திரத்து ஓரமாய், போன்சேகா வளைகுடா என்று ஒன்று இருக்கிறது. எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா ஆகிய மூன்று தேசங்களின் கரைகளும் அந்த வளைகுடாவில் வந்து முட்டுகின்றன. அதற்குள்ளே ஓர் எரிமலை தண்ணீரிலிருந்து நேரே கிளம்பி 2,500 அடிக்கு மேல் நிற்கிறது. அந்த மலைதான் தீவு. ஹோண்டுராஸுக்குச் சேர்ந்தது. புலித் தீவு என்று அர்த்தம் வரும்படி ஸ்பெயின்காரர்கள் அதற்கு எல் டிக்ரே என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கண்டத்திலேயே புலி கிடையாது. ஜாகுவார் என்ற வேறொரு மிருகத்தைக் கண்டு புலியென்று சொல்லிவிட்டார்கள். பிடித்தவன் வைத்ததே பெயர் என்று ஆன பிறகு அங்கிருந்த பூர்வகுடிகளை யார் கேட்கப் போகிறார்கள்?

இந்த மலையடிவாரத்தில் 1833-ல் ஏற்பட்ட ஊர்தான் அமபாலா. தீவில்தானா துறைமுகம் வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஹோண்டுராஸின் அந்தப் பக்கத்துக் கரை முழுதும் சேறும் அலையாத்திக் காடும். ஆழமில்லாததால் பெரிய கப்பல் கிட்டே வர முடியாது. தீவின் பக்கத்திலோ நல்ல ஆழம். ஆகையால் கப்பல் தீவண்டை நிற்கும்; சாமான்களைப் படகில் இறக்கி, எதிர்க்கரையிலுள்ள சான் லொரென்ஸோவுக்குக் கொண்டு போய், அங்கிருந்து கோவேறு கழுதை மேல் ஏற்றி, மலைவழியாகத் தலைநகரமாகிய டெகுசிகல்பாவுக்கு அனுப்புவார்கள். துணி மூட்டையும் அப்படித்தான் போயிற்று. வெள்ளிச் சுரங்கத்து இயந்திரங்களும் துண்டு துண்டாய் அப்படித்தான் போயின. ஒரே சரக்குக்கு எத்தனை தரம் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று பாருங்கள். அந்தக் கூலிதான் அந்த ஊர் ஏழைகளுக்குச் சோறு.

அந்தத் தீவில் டிரேக் என்ற ஆங்கிலக் கடற்கொள்ளைக்காரன் புதையல் வைத்துப் போனான் என்று ஒரு கதை உண்டு. புதையலை எடுத்தவரைக் காணோம். கொள்ளைக் கதை வேண்டுமானால் டிரேக் வரையில் போக வேண்டியதே இல்லை. பிந்தி வந்த கனவான்கள் பகலில், சட்டை போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டே செய்தார்கள்.

1848, 49-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. உடனே இரண்டு சமுத்திரங்களையும் சேர்க்க ஒரு கால்வாய் வெட்ட வேண்டுமென்ற பேச்சு எழுந்தது. கால்வாயின் மேற்கு வாயில் போன்சேகாவாக இருக்கலாம் என்று பட்டதும், இந்த மலைக்கு விலை வந்துவிட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் பிரதிநிதியான ஸ்கொயர் என்பவர் 1849 செப்டம்பரில் தீவைத் தற்காலிகமாகத் தங்களுக்கு விட்டுக் கொடுக்கும்படி ஹோண்டுராஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். மூன்று வாரத்திற்குள் பிரிட்டிஷ் கான்சல் சாட்பீல்டு துரையின் ஏவலின் பேரில் யுத்தக் கப்பல் வந்து தீவைப் பிடித்துக் கொடியேற்றியது. அதற்குச் சொன்ன சாக்கு, பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு ஹோண்டுராஸ் கடன் பாக்கி என்பது. பிரிட்டிஷ் அட்மிரலே இந்தக் காரியத்தை ஒப்பாததால் அவ்வருஷக் கடைசியில் கொடி இறங்கிற்று. 1850 ஏப்ரலில் இரண்டு வல்லரசுகளும் வாஷிங்டனில் உட்கார்ந்து, மத்திய அமெரிக்காவில் எந்த இடத்தையும் இருவரும் கைப்பற்றுவதில்லை என்று தங்களுக்குள் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். நிலத்துக்காரனான ஹோண்டுராஸின் கையெழுத்து அதில் இல்லை.

தோழர்களே! இதைவிடப் பெரிய வேடிக்கை பிறகு நடந்தது. கால்வாய் இல்லாவிட்டால் இரயில் என்றார்கள். கிழக்குக் கடலிலிருந்து போன்சேகா வளைகுடா வரை இரயில் போடுவதாகச் சொல்லி 1867 முதல் 1870 வரையில் லண்டனிலும் பாரிசிலும் ஹோண்டுராஸ் பேரால் கடன் பத்திரம் விற்றார்கள். பத்திரக் கணக்குப்படி சுமார் 60 லட்சம் பவுன். தரகருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் வட்டிக்கும் போன மிச்சத்தில் கிழக்குக் கரையிலிருந்து ஐம்பது சொச்சம் மைல் பாதைதான் கிடைத்தது. பணம் தீர்ந்த பிறகும் ஆசை தீரவில்லை. 1872-ல், கப்பலையே தண்ணீரிலிருந்து தூக்கித் தண்டவாளத்தின் மேல் வைத்து மலை தாண்டி இழுத்துக்கொண்டு போவோம், அதற்கு இன்னும் ஒன்றரைக் கோடி பவுன் கொடுங்கள் என்று விளம்பரம் செய்தார்கள்! நல்ல வேளையாக அதற்கு ஆள் ஏமாறவில்லை. 1875-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் கமிட்டி ஒன்று இந்தக் கடன் ஊழல்களை விசாரித்தது. விசாரித்து என்ன? பாதை வளைகுடாவை எட்டவே இல்லை. தலைநகருக்கு இன்றுவரை இரயில் கிடையாது. கடனோ ஏறிக்கொண்டே போய், 1926-ல் ராஜி செய்து, 1953-ல்தான் அடைபட்டது. கடன் வாங்கியபோது பிறந்திராத குடியானவனின் பேரனும் அதற்கு வரி கட்டினான். முன் ஜென்மத்துப் பாவம் என்று சிலர் சொல்லுவார்களே, அதற்கு இப்படி முத்திரையிட்ட பத்திரம் இருந்தால் நாமும் நம்பலாம்.

அரசியலிலும் இந்த ஊர் அடிபட்டது. 1876 ஆகஸ்டில் மார்க்கோ ஆரேலியோ சோட்டோ என்பவர் அமபாலாவில்தான் தமது அரசாங்கத்தை ஆரம்பித்தார். 1895-ல் மூன்று தேசங்களும் ஒன்றுசேர்வதென்ற ஒப்பந்தமும் இங்கேதான் ஆயிற்று. 1898 நவம்பரில் அந்தக் கூட்டாட்சி இங்கே கூடிற்று. அந்த மாதம் முடிவதற்குள் எல் சால்வடாரில் கலகம் வந்து கலைந்தும் போயிற்று.

இவ்வளவுக்கும் நடுவில் வியாபாரம் நடந்தது. பெரிய கடைகள் ஜெர்மானியர் கையில் இருந்தன. ஏற்றுமதி, இறக்குமதி, கடன் கொடுக்கல் எல்லாம் அவர்களே. 1941 டிசம்பரில் ஹோண்டுராஸ் ஜெர்மனியோடு யுத்தப் பிரகடனம் செய்த பிறகு அவர்கள் சொத்துக்கள் அரசாங்கத்தின் பிடிக்குள் வந்தன. 1928 நவம்பர் 26-ந் தேதி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹூவர் யுத்தக் கப்பலில் சுற்றுப்பிரயாணம் வந்தபோது முதன்முதல் இறங்கியது அமபாலாவில்தான். மலைவழியேறித் தலைநகருக்கு அவர் போகவில்லை. தீவோடு நட்பு தெரிவித்துவிட்டுக் கப்பலேறினார்.

அந்த நட்பு எப்படிப்பட்டது என்பதற்கு 1914-ம் வருஷ ஒப்பந்தம் ஒன்று சாட்சி. 30 லட்சம் டாலருக்கு நிகராகுவா கால்வாய் உரிமையோடு போன்சேகாவில் கடற்படைத் தளம் போடும் உரிமையையும் அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்தது. வளைகுடா எங்களுக்கும் சொந்தமாயிற்றே என்று எல் சால்வடார் மத்திய அமெரிக்கக் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. 1917-ல் தீர்ப்பு எல் சால்வடாருக்குச் சாதகமாயிற்று. நிகராகுவா அதை மதிக்கவில்லை, அமெரிக்காவும் மதிக்கவில்லை. அடுத்த வருஷம் கோர்ட்டே இல்லாமற் போயிற்று. வல்லவனுக்கு எதிராய்த் தீர்ப்புச் சொன்ன கோர்ட்டின் ஆயுள் அவ்வளவுதான்.

துறைமுகம் செத்தது எப்படியென்றால், 1970-களின் கடைசியில் எதிர்க்கரையில் வாய்க்காலை ஆழப்படுத்தி, சான் லொரென்ஸோவில் எனேக்கான் துறைமுகத்தைக் கட்டினார்கள். லாரி நேரே கப்பலண்டை போகலாம் என்ற பின் தீவுக்கு எதற்குப் போவான்? தேசத்துக்கு அது சௌகரியந்தான். நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மூட்டை தூக்கியவனுக்கும் படகு தள்ளியவனுக்கும் மாற்று வேலை என்னவென்று யோசிப்பது மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை. சுங்கக் காரியாலயமும் பெரிய வியாபார வீடுகளும் பாழடைந்தன. இரண்டு லெம்பிரா நோட்டில் மட்டும், ஒரு பக்கம் சோட்டோவும் மறுபக்கம் அமபாலாத் துறைமுகமுமாய்ப் படம் அச்சாகிற்று. 1980-களில், பக்கத்துத் தேசங்களில் சண்டை நடந்த காலத்தில், அமெரிக்கப் படையினர் தீவில் ராடார் வைத்து வளைகுடாவைக் காவல் பார்த்தார்கள். 1992-ல் ஹேக் நகரத்துச் சர்வதேசக் கோர்ட்டு, இந்தத் தீவு ஹோண்டுராஸுக்கே என்றும், வளைகுடாத் தண்ணீர் பெரும்பாலும் மூவருக்கும் பொது என்றும் தீர்ப்பளித்தது.

இப்போது அங்கே மீன்பிடிப்பும், விடுமுறைக்கு வருகிறவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுப்பதும் பிழைப்பு. கோயோலிட்டோ என்ற கரையிலிருந்து சிறு மோட்டார் படகுகள் ஆட்களைக் கொண்டு வந்து விடுகின்றன.

அப்படிக்கிருக்க, 2013-ல் ஹோண்டுராஸில் ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட இடங்களைப் பிரித்து, அங்கே தனிச் சட்டம், தனிக் கோர்ட்டு, தனி வரி வைத்துக்கொண்டு, முதலாளிகள் ஊர் நடத்தலாம் என்பது அதன் சாரம். அதற்கு ஏற்ற இடங்களில் ஒன்றாக அமபாலா பேசப்பட்டது. எதிர்க்கரையில் தலைமுறை தலைமுறையாய்ப் பயிரிட்டும் பத்திரமில்லாத குடியானவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் மீனவர்களும் எதிர்த்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரை எப்படிக் கொடுப்பாய் என்பதுதான் அவர்கள் கேள்வி. 1850-லும் அதுதானே கேட்க வேண்டிய கேள்வி? அமபாலாவில் அந்த ஊர் எழும்பவில்லை. 2022 ஏப்ரலில் சட்டசபை அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2024 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அது அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று சொல்லிவிட்டது. ஆனால் ரொவாட்டன் என்ற வேறொரு தீவில் அந்தச் சட்டத்தின்கீழ் இடம் பிடித்திருந்த கம்பெனி, சட்டம் ரத்தானதற்காக ஹோண்டுராஸ் தனக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு தரவேண்டுமென்று சர்வதேச மத்தியஸ்தத்தில் வழக்குப் போட்டது.